நிலத்தோடு சேர்த்து வாங்கியவர்

பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு – முதல் ஆண்டு
1 அரசர்கள் 3:5, 7-12, உரோமையர் 8:28-30, மத்தேயு 13:44-52



நிலத்துக்குள் புதையல் இருக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிற்றாற்றை இங்கே சீவலப்பேரியில் சேர்த்துக்கொண்டு தாமிரபரணி கடலுக்குப் போகிற வழியில்தான் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் என்பவர் அந்தப் பரம்பைத் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ வந்து தோண்டினார். முதுமக்கள் தாழிகள், இரும்புக் கருவிகள், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்கள் என்று எத்தனையோ வெளியே வந்தன. சில பெர்லினுக்குப் போயின, சில சென்னைக்குப் போயின. நிலம் மட்டும் இங்கேயே கிடந்தது.

இன்றைய நற்செய்தியில் வருகிறவருக்கும் புதையல்தான் கிடைக்கிறது. ஆனால் அவர் செய்ததைக் கவனியுங்கள். இரவோடு இரவாகப் புதையலைத் தோண்டி எடுத்துக்கொண்டு அவர் ஓடிவிடவில்லை. கண்டதை அங்கேயே மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார், இருப்பதையெல்லாம் விற்கிறார், திரும்பி வந்து அந்த நிலத்தையே வாங்குகிறார். புதையல் இருப்பது ஒரு மூலையில்தான். அவர் வாங்குவதோ நான்கு எல்லைக்குள் இருக்கும் எல்லாவற்றையும். அதில் கல் இருக்கும், கருவேல முள் இருக்கும், தூர்ந்த கிணறு இருக்கும், வரப்புத் தகராறும் இருக்கும். அத்தனையும் இனி அவருடையவை.

இந்த உவமையை நான் பல ஆண்டுகள் புதையலைப் பார்த்தே வாசித்திருக்கிறேன். நிலத்தைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது நம் பக்கத்து மனிதர் ஒருவரின் வாழ்க்கை. வக்கீலாக இருந்து கப்பல் கம்பெனி தொடங்கியவர். ஓட்டப்பிடாரம் வ.உ. சிதம்பரம் பிள்ளை.

அவர் சைவ நெறியில் பிறந்து, சைவ நெறியிலேயே ஊன்றி நின்று, சிவஞானபோதத்துக்கு உரை எழுதியவர். சிறுவயதில் தூத்துக்குடியில் புனித சவேரியார் பள்ளியில் படித்தார் என்பதற்காக அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. ஆண்டவர் விதைத்த நல்ல விதை எந்த வயலில் முளைத்திருந்தாலும் அதன் முன் நின்று கற்றுக்கொள்ளலாம் என்பதால்தான் இந்தப் பீடத்தருகே நின்று அவர் பெயரைச் சொல்கிறேன்.

முதல் வாசகத்தில் இளைஞர் சாலமோனிடம் கடவுள், என்ன வேண்டும் கேள் என்கிறார். நீண்ட ஆயுள் கேட்டிருக்கலாம், செல்வம் கேட்டிருக்கலாம். அவரோ மக்களுக்கு நீதி வழங்க, நன்மை எது தீமை எது என்று பகுத்தறிகிற உள்ளத்தைக் கேட்கிறார். அடுத்தவர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்கிற உள்ளம் அது. நீதிமன்றப் படியேறுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டிய வரம்.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் கரிசல் மண்ணில் பிறந்த சிதம்பரம் பிள்ளைக்கு வக்கீல் தொழில் தந்தை வழி வந்தது. தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல். மகன் திருச்சிராப்பள்ளியில் சட்டம் படித்துத் தேறி, 1895இல் ஓட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமல் வாதாடினார். போலீஸ் போட்ட வழக்குகளை உடைத்தார். மகன் இப்படி எல்லோரையும் பகைத்துக்கொள்கிறானே என்று வீட்டில் கவலை வந்தது. 1900இல் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

வழக்காடு மன்றத்தில் நீதி பேசுகிறவர் வீட்டில் எப்படி இருந்தார்? சாதியைச் சொல்லி ஊர் ஒதுக்கிய, பார்வையற்ற இராமையா தேசிகரை அவர் தம் வீட்டில் தங்க வைத்தார். முதல் மனைவி வள்ளியம்மை முகம் சுளிக்காமல் அவருக்குச் சோறு பரிமாறினார். உறவினர்கள் பேசினார்கள். அந்த வீடு அசையவில்லை. வெளியே பேசுகிற நீதி நம் சமையலறை வரைக்கும் வந்து சேர்கிறதா என்று பார்த்தால் போதும், அது உள்ளத்திலிருந்து வந்ததா உதட்டிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும்.

தூத்துக்குடியில் அவர் தொழில் நன்றாகத்தான் நடந்தது. கறுப்பு அங்கி, சட்டப் புத்தகங்கள், வாசலில் கட்சிக்காரர்கள். அப்படியே இருந்திருந்தால் வசதியான ஒரு வக்கீலாக வாழ்ந்து முடித்திருப்பார், நாமும் இன்று அவரைப் பேச மாட்டோம். ஆனால் துறைமுகத்தில் நின்று பார்த்தபோது அவர் கண்ணில் ஒன்று பட்டது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து முழுவதும் வெள்ளைக்காரக் கம்பெனியிடம் இருந்தது. சரக்கு நம்முடையது, பயணம் செய்கிறவர்கள் நம் மக்கள். மரியாதையும் லாபமும் மட்டும் இன்னொருவரிடம். தம் மக்கள் தலை நிமிர்ந்து கடலைக் கடக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அவர் கண்டெடுத்த புதையல்.

1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியரும் இலங்கையரும் மற்ற ஆசியரும் பங்கு வாங்கலாம். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, எடுத்துக்கொண்டார். நற்செய்தியில் கடைசியாக வரும் வலையை நினைத்துப் பாருங்கள். கடலில் வீசிய வலை எல்லா வகை மீனையும் வாரிக்கொண்டு வருகிறது. இந்தக் கம்பெனியும் அப்படி எல்லோரையும் ஒன்று சேர்த்தது. ஜமீன்தாரும் வியாபாரியும், இந்துவும் இஸ்லாமியரும் ஒரே பங்குப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள்.

முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல்களை வெள்ளைக்காரக் கம்பெனி அழுத்தம் கொடுத்துத் திரும்பப் போகச் செய்தது. சொந்தக் கப்பல் வாங்க வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மகனுக்கு உடல் நலமில்லை, இரண்டாம் மனைவி மீனாட்சி அம்மாள் நிறைமாதம். கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் அந்தக் கடலிலேயே விழுந்து சாவேன் என்ற உறுதியோடு போனார். 1907இல் காலியா என்ற கப்பலும் லாவோ என்ற கப்பலும் தூத்துக்குடி வந்து சேர்ந்தன.

சகோதரர்களே, முத்து வணிகரைப் பற்றியும் இயேசு இன்று சொல்கிறார். முத்து நம் கடலுக்குப் புதிது அல்ல. முத்துக் குளிக்கிறவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, கல்லைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் கவனம் ஒரு நிமிடம் தப்பினால் கீழே இருப்பவரின் உயிர் போய்விடும். அதனால்தான் கயிறு பிடிக்க மச்சானை நிறுத்துவார்கள் என்று நம் கடற்கரைப் பெரியவர்கள் சொல்வார்கள், தங்கையின் தாலிக்காகவாவது கயிற்றை விட மாட்டான் என்று. வ.உ.சி. மூழ்கியபோது மேலே கயிறு பிடித்துக்கொண்டிருந்தவர் மீனாட்சி அம்மாள். வரலாறு முத்தெடுத்தவரின் பெயரை எழுதும், கயிறு பிடித்த கை எரிந்ததை எழுதாது. இந்தக் கோயிலில் அமர்ந்திருக்கிற தாய்மார்களில் எத்தனை பேர் அப்படிக் கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆண்டவருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

இனி நிலத்தில் இருந்த கற்களைப் பற்றிப் பேசுவோம். ஏனென்றால் புதையல் கண்ட நாளைக் கொண்டாடுவது எளிது. கல் பொறுக்குகிற நாட்களில்தான் மனிதர் யார் என்று தெரியும்.

போட்டிக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. வெள்ளைக்காரர்களோ, இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், வருகிறவருக்குக் குடையும் தருகிறோம் என்றார்கள். விலை கொடுத்து வாங்கிய மரியாதையை இலவசக் குடைக்கு விற்றுவிடலாமா என்ற கேள்வி அன்று துறைமுகத்தில் நின்ற ஒவ்வொருவரின் முன்னும் நின்றது. இன்று தேர்தல் நேரத்தில் நம் வீட்டு வாசலிலும் அதே கேள்விதான் வந்து நிற்கிறது.

1908 பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி குறைவு, வேலை நேரமோ மிக நீளம், ஓய்வு நாள் என்ற ஒன்றே கிடையாது. வ.உ.சி.யும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கப்பல் முதலாளிக்கு மில் கூலிகளோடு என்ன வேலை? தமக்குத்தான் கம்பெனி இருக்கிறதே என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் நிலத்தை வாங்கியவருக்கு அதன் எல்லா மூலைகளும் சொந்தம். ஒன்பது நாட்களில் மில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை! இன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். அவசரமில்லாமல் குடும்பத்தோடு இங்கே வந்து அமர்ந்திருக்கிறோம். ஓய்வுநாளைக் கடவுள் கொடுத்தார் என்று மறைக்கல்வியில் படிக்கிறோம். அந்தக் கொடை உழைக்கிறவரின் கைக்குப் போய்ச் சேர ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் சிறைக்குப் போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிப்போம்.

அதே ஆண்டு மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். ஜூலை மாதம் நீதிபதி பின்ஹே, அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஒன்று, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு ஒன்று என்று இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். கூட்டினால் 40 ஆண்டுகள். அப்போது வ.உ.சி.க்கு வயது 35. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை குலைந்தார். கடைசிவரை அவர் தேறவே இல்லை.

கோயம்புத்தூர் சிறையில் மாட்டைக் கட்டிச் சுற்றுகிற செக்கில் வ.உ.சி.யைக் கட்டினார்கள். அந்தச் செக்கு இன்றும் சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அங்கே போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்களும் கை மாறின. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது வரவேற்க மக்கள் கூட்டம் இல்லை. வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பிழைத்துப் பார்த்தார். பசி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்த 347 ரூபாய் 12 அணா பல கடிதங்களுக்குப் பிறகு 1916இல்தான் அவர் கைக்கு வந்தது.

இந்த இடத்தில் இரண்டாம் வாசகம் என்னைத் திணற வைக்கிறது. கடவுளை அன்பு செய்கிறவர்களுக்கு எல்லாமே நன்மைக்காக ஒன்றுகூடி வருகிறது என்ற பொருளில் புனித பவுல் உரோமையருக்கு எழுதுகிறார். மீனாட்சி அம்மாளின் முன்னால் போய் நின்று, “எல்லாம் நன்மைக்கே அம்மா” என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. தம்பி மனம் கலங்கியது நன்மை அல்ல. செக்கு நன்மை அல்ல. பசியும் நன்மை அல்ல. துக்க வீடுகளில் நாம் அவசரப்பட்டு இந்த வசனத்தைச் சொல்லிவிடுகிறோம். பவுல் அடிகளார் அப்படிச் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன். நடந்தவை எல்லாம் நல்லவை என்று அவர் சொல்லவில்லை. நடந்த எதையும் கடவுள் வீணாக விடமாட்டார் என்கிறார். கல்லைக் கல் என்றே சொல்லலாம். அந்தக் கல்லையும் எடுத்து அவர் சுவர் கட்டுவார்.

வ.உ.சி. வாழ்க்கையில் அந்தச் சுவர் எழும்புவதை நம்மால் பார்க்க முடிகிறது. அவர் சிறையில் இருந்த 1909இல் அவருடைய ‘மனம்போல வாழ்வு’ வெளிவந்தது, ஜேம்ஸ் ஆலன் எழுதிய நூலின் மொழிபெயர்ப்பு. பின்னாளில் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கும் உரை எழுதினார். விண்ணரசைக் கற்றறிந்த மறைநூல் அறிஞரை, தம் சேமிப்பு அறையிலிருந்து புதியதையும் பழையதையும் எடுத்துத் தருகிற வீட்டுக்காரருக்கு ஒப்பிட்டு இயேசு இன்றைய நற்செய்தியை முடிக்கிறார். நீராவிக் கப்பலையும் தொல்காப்பிய உரையையும் ஒரே மனிதர் தம் வீட்டிலிருந்து எடுத்து நமக்குத் தந்திருக்கிறார்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் தொட்டது ஒரு பெயர். இழந்த வக்கீல் உரிமையை அவருக்குத் திரும்பக் கிடைக்கச் செய்தவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியில் வ.உ.சி. தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஓர் ஆங்கிலேய நீதிபதி அவரைச் செக்கிழுக்க அனுப்பினார். அதற்காக அவர் ஓர் இனத்தையே வெறுக்கவில்லை. தினமும் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் இன்னோர் ஆங்கிலேயர் செய்த நன்மையை அவர் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. நம் வீடுகளில் யாருடைய பெயர் அதிகம் ஒலிக்கிறது, தீங்கு செய்தவர் பெயரா, நன்மை செய்தவர் பெயரா?

1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. கப்பலும் இல்லை, கையில் பணமும் இல்லை. 2011இல் அந்தத் துறைமுகத்துக்கே அவர் பெயர் வைக்கப்பட்டது. நிலத்தை வாங்கியவரின் பெயர் அதன் பட்டாவில் ஏற 75 ஆண்டுகள் ஆயின என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அன்பு மக்களே, இனி நம் நிலத்துக்கு வருவோம். இந்த ஆற்றில் கையால் மணலைப் பறித்தால் ஊற்று சுரக்கும், அதில் குடித்துத்தான் வளர்ந்தோம் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வீர்கள். தண்ணீரைத் தாங்கி வைத்திருந்தது அந்த மணல். அதையே புதையலாகப் பார்த்தவர்கள் இரவில் லாரி லாரியாக அள்ளினார்கள். 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் எடுக்கத் தடை விதித்தது. அதற்குப் பிறகும், 2023 ஏப்ரல் மாதம், நமக்குப் பக்கத்தில் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நிலத்தைக் கொன்று புதையலை எடுப்பவர்களும் உண்டு, நிலத்தைக் காக்கத் தம்மையே கொடுப்பவர்களும் உண்டு. இவர்களுக்கு நடுவே மூன்றாவதாக நிற்க இடம் இருப்பதுபோல நாம் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். அந்த லாரிக்கு நம் தோட்டத்து வழியாகப் பாதை விட்டால் நாம் யார் பக்கம்? நம் வீட்டுப் பையன் அந்த லாரியில் ஏறிப் போவது தெரிந்தும் பேசாமல் இருந்தால் நாம் யார் பக்கம்? இந்த வாரம் வீட்டில் பேசுங்கள்.

கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை. கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டம் வந்துவிட்டது, உங்கள் கடையில் நாற்காலி வந்துவிட்டதா? உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா? கோரல் மில் தொழிலாளிக்கு 1908இல் கிடைத்தது, நம் வீட்டுப் பின்கட்டு வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை என்றால், நாம் ஞாயிறு திருப்பலிக்கு வருவதில் ஏதோ ஒன்று குறைகிறது.

சட்டமும் வணிகமும் படிக்கிற இளையோரே, வக்கீலாகுங்கள், கம்பெனி தொடங்குங்கள், நிறையச் சம்பாதியுங்கள். ஆனால் உங்கள் படிப்பில் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஊரை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். ஊரையும் அதன் கல்லோடும் முள்ளோடும் சேர்த்து வாங்குங்கள். உவமையில் வரும் மனிதர் உள்ளதையெல்லாம் விற்றதை நாம் தியாகம் என்கிறோம். இயேசு அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. அவர் மகிழ்ச்சியோடு போய் விற்றார் என்கிறார்.

ஏனென்றால், அந்த மனிதர் யார் தெரியுமா? நம்மில் யாரோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் இயேசுவேதான். இந்த உலகம் என்னும் நிலத்தில் நம்மைப் புதையலாகக் கண்டு, விண்ணகத்தில் தமக்கிருந்ததையெல்லாம் விட்டு வந்து, நம் பாவக் கற்களோடும் முள்ளோடும் சேர்த்து இந்த நிலத்தையே வாங்கியவர் அவர். அந்த முள் அவர் தலையில் இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பீடத்தில் அந்த விலையைத்தான் நம் கையில் தரப்போகிறார். நன்மை வாங்க வரும்போது நாம் புதையலை வாங்குவதாக நினைக்கிறோம். அவரோ நம்மை முழு நிலமாக வாங்கிக்கொள்கிறார்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, எங்களைக் கல்லோடும் முள்ளோடும் ஏற்றுக்கொண்டீரே, நாங்களும் எங்கள் வீட்டை, எங்கள் ஊரை, இந்த ஆற்றை அப்படியே ஏற்று அன்புசெய்ய எங்களுக்குச் செவிகொடுக்கும் உள்ளத்தைத் தாரும். ஆமென்.